உறங்க விடாத கால்கள்



பகல் முழுதும் ஒரு குறையும் சொல்லாத கால்கள், இரவில் படுக்கையில் சாய்ந்த சிறிது நேரத்திற்குள் தவிக்கத் தொடங்குவதைப் பற்றி நம் வீடுகளில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். "கால் குடைகிறது" என்பார் ஒருவர். "உள்ளங்கால் பற்றி எரிகிறது" என்பார் மற்றொருவர். விளக்கெண்ணெய் தடவுவதும், மருதாணி அரைத்து அப்புவதும், ஈரத் துணி சுற்றுவதும், தலையணையைக் காலுக்கு அண்டை கொடுப்பதும் நாம் அறிந்த கைம்முறைகள். அவையும் பயன்படாதபோது எழுந்து கூடத்தில் நடப்பதே வழி. மறுநாள் காலையில் இதைச் சொன்னால் வீட்டார் புன்முறுவல் செய்வர். வைத்தியரும் சில வேளைகளில், "நரம்புத் தளர்ச்சி, கவலைப்படாதீர்கள்" என்று அனுப்பிவிடுவார்.

இந்தத் தொல்லை கற்பனையன்று. அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் பெரும்பாலும் நம் உணவிலும் இரத்தத்திலும் தேடத்தக்கது. மருத்துவ உலகம் இதனை ஒப்புக்கொள்ள ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் தமிழர்க்கும் சிறப்பான இடம் உண்டு. நம்மில் பலருக்குப் பழக்கமான தில்லி மந்திர் மார்க்குக்கும் அதன் ஓர் ஓரத்தில் இடம் உண்டு. அந்த வரலாற்றைச் சுருங்கக் கூறி, நாம் செய்யத்தக்கது யாது என்பதையும் சொல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இரண்டு நோய்களைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, ஓயாக் கால் நோய். இதில் காலை அசைத்தே தீர வேண்டும் என்ற அடக்கவொண்ணாத் தூண்டுதல் எழும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் அது மிகும். எழுந்து நடந்தால் தணியும். மாலையிலும் இரவிலும் கடுமையாகும். இந்நான்கும் சேர்ந்திருப்பதே அதன் அடையாளம். மற்றொன்று, உள்ளங்கால் எரிச்சல் நோய். இதில் காலின் நரம்புகளே கேடுற்று, பாதங்களில் எரிவும் குத்தலும் உண்டாகும். குளிர்ந்த நீர் சற்றே ஆறுதல் தரும். இரண்டும் இரவில் மிகும். இரண்டும் உறக்கத்தைக் கெடுக்கும். ஆகவே மக்கள் வழக்கில் இரண்டும் ஒன்றாகவே கருதப்பட்டன. வேர் வேறானாலும், சத்துக் குறைவு இரண்டையும் விளைவிக்கக்கூடும் என்பதால் இவற்றை ஒருங்கே பேசுவது தகும்.

ஓயாக் கால் நோயைத் தெளிவாக முதன்முதல் எழுதிவைத்தவர் தாமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில மருத்துவர். மூளையின் அடியில் வட்டமாக அமைந்த இரத்தக் குழாய்களுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. 1672-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் வெளிவந்த அவருடைய நூலில், படுத்தவுடன் கைகால்கள் துள்ளித் துடித்து, உறக்கம் என்பதே இல்லாமற் போன நோயாளிகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர் அளித்த மருந்து அபினி. நோயாளி அதனால் சற்று அமைதி பெற்றார். ஆனால் காரணம் விளங்கவில்லை. அதன்பின் இருநூறு ஆண்டுகள் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தியவர் மிகச் சிலரே. 1861-இல் விட்மாக் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இதற்குக் 'கணைக்காலின் பதைப்பு' என்ற பொருள்பட ஓர் இலத்தீன் பெயரிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் பலர் இதனை மனப் பதற்றத்தின் கிளையாகவே எண்ணினர்.

இதே காலத்தில் நம் நாட்டில் மற்றொரு நோய், சிப்பாய்களின் பாதங்களைப் பற்றிக்கொண்டிருந்தது. 1824 முதல் 1826 வரை நடந்த முதல் பர்மாப் போரில் ஈடுபட்ட இந்தியச் சிப்பாய்களிடம் கடுமையான உள்ளங்கால் எரிச்சல் காணப்பட்டதை கிரியர்சன் என்னும் இராணுவ மருத்துவர் பதிவு செய்தார். கல்கத்தாவின் மருத்துவச் சங்க வெளியீட்டில் 1826-ஆம் ஆண்டு அவர் கட்டுரை இடம் பெற்றது.  1835-இல் சென்னையில், மால்கம்சன் என்ற மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டதோடு, கால் எரிச்சலையும் ஆராய்ந்து எழுதினார். நோயின் தோற்றம் நன்கு விவரிக்கப்பட்டது. ஆனால் நிலத்தின் ஈரத்தையும், காற்றின் வெப்பத்தையும், வாதத்தையுமே காரணமாகக் கருதும் காலம் அது. தட்டில் இருந்த சோற்றை ஐயுற்றவர் அரியர்.

சோற்றின்மீது ஐயம் பிறந்ததற்கு ஆலைகளே காரணம். உரலில் குத்திய அரிசியில் தவிட்டின் ஒரு பகுதி ஒட்டியிருக்கும். ஆலையில் தீட்டிய அரிசியோ முத்துப்போல் வெளுக்கும். தவிட்டோடு சத்தும் நீங்கும். ஜாவாவில் பணியாற்றிய எய்க்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் தளர்வதையும், தவிடு கொடுத்தால் அவை தேறுவதையும் 1890-களில் கண்டார். அதற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றார். நம் நீலகிரியில், குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் 1918-இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அந்தச் சிறு ஆய்வுக்கூடமே பின்னர் உணவு ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. இன்று அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது.

பம்பாயிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நிகழ்ந்தது. ஆலைத் தொழிலாளர்களான கருவுற்ற பெண்களைத் தாக்கிய கொடிய இரத்த சோகையை 1928 முதல் ஆராய்ந்தவர் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த ஒரு மலிவான சாறு அப்பெண்களைத் தேற்றியது. அதிலிருந்த பொருளே பின்னாளில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. குன்னூரிலும் அவர் சில காலம் பணியாற்றினார். ஏழைப் பெண்ணின் சோர்வு அவள் சோம்பலன்று, அவள் உண்ணாத உணவின் விளைவு என்று இந்திய மண்ணில் காட்டிய பெருமை அவருக்குரியது.

இரண்டாம் உலகப் போர் இவ்வுண்மையைக் கொடிய முறையில் மெய்ப்பித்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், ஜப்பானியரின் கைதிகளான பல்லாயிரம் போர்வீரர்கள் தீட்டிய அரிசிக் கஞ்சியை உண்டு நாட்கழித்தனர். சில மாதங்களில் அவர்கள் பாதங்கள் எரியத் தொடங்கின. இரவில் உறங்க முடியாமல் காலைத் தண்ணீர் வாளியில் வைத்துக்கொண்டும், இருளில் நடந்துகொண்டும் அவர்கள் பொழுது விடியக் காத்திருந்தனர். ஓரிடத்தில் நிற்காமல் ஆடும் அக்கால்களுக்கு 'மகிழ்ச்சிக் கால்கள்' என்று தாங்களே கசப்பான வேடிக்கையாகப் பெயரும் வைத்தனர். சயாம்–பர்மா இரயில் பாதையில் வேலை செய்யக் கொண்டுசெல்லப்பட்ட மலேயாத் தமிழர்கள் பல்லாயிரவர், பசியாலும் நோயாலும் மாண்டதையும் நாம் மறவோம். கைதிகளின் நோயை மருத்துவர்கள் குறித்துவைத்தார்கள். நம் தோட்டத் தொழிலாளரின் நோயை ஏட்டில் எழுதியவர் மிகக் குறைவு.

போர் முடிந்த மறு ஆண்டாகிய 1946, நம் வரலாற்றில் முக்கியமானது. சேலத்தில் 1918-இல் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்ற டாக்டர் சி. கோபாலன், அப்போது முப்பது வயதும் நிரம்பாத இளைஞர். உள்ளங்கால் எரிச்சல் நோயைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை அவ்வாண்டு 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் வெளியாயிற்று. அவர் கண்ட நோயாளிகள் அரிசிச் சோற்றையே பெரிதும் நம்பி வாழ்ந்த வறியவர்கள். அவர்களுக்குப் பல்வேறு பி வைட்டமின்களைக் கொடுத்துப் பார்த்து, பான்டோதெனிக் அமிலம் என்ற உயிர்ச்சத்தை ஊசி மூலம் செலுத்தியபோது எரிச்சல் தணிந்ததாக அவர் அறிவித்தார். கிரேக்க மொழியில் 'எல்லாப் பக்கங்களிலிருந்தும்' என்ற பொருளில் அமைந்த பெயர் அது. ஏறக்குறைய எல்லா உணவிலும் சிறிதளவேனும் உள்ள சத்து ஒருவனுக்குக் குறைகிறது என்றால், அவன் உண்பது எவ்வளவு வறிய உணவாக இருக்க வேண்டும்! கிரியர்சன், கோபாலன் ஆகிய இருவர் பெயரையும் இணைத்தே அந்நோயை மருத்துவ நூல்கள் இன்றும் குறிப்பிடுகின்றன.

அதே 1946-ஆம் ஆண்டு ஏப்ரலில், காந்தியடிகள் தில்லியில் ரீடிங் சாலையை ஒட்டிய வால்மீகி காலனியில், துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பினிடையே வந்து தங்கினார். பிர்லா மந்திரை 1939-இல் அவர் திறந்துவைத்ததும் அதே சாலையில்தான். அச்சாலையே பின்னர் மந்திர் மார்க் என்று பெயர் மாறியது. தீட்டிய அரிசிக்கு எதிராக நாடெங்கும் குரல் கொடுத்தவர் காந்தியடிகள். 1934-இல் அவர் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம், கைக்குத்தல் அரிசியையும் முழுக் கோதுமை மாவையும் மக்களிடம் பரப்பப் பாடுபட்டது. அச்சங்கத்தின் அமைப்புச் செயலாளராக உழைத்தவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. அரசியல் தலைவர்கள் நாட்டின் விடுதலையைப் பற்றிப் பேச வந்த அந்தச் சிறு அறையில் இருந்தவர், அரிசியின் தவிட்டைப் பற்றியும் அதே அக்கறையுடன் பேசுபவர். ஆய்வுக்கூடத்தில் கோபாலன் கண்டதும், கிராமங்களைப் பார்த்துக் காந்தியடிகளும் குமரப்பாவும் சொன்னதும் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்த ஒரே முடிவாகும்.

கோபாலன் அத்தோடு நிற்கவில்லை. உணவு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், பின்னர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். 1980-இல் தில்லியிலேயே இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவினார். இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைப் பட்டியலிட்டு அவரும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட நூலைப் பயன்படுத்தாத மருத்துவக் கல்லூரி நாட்டில் இருப்பது அரிது. 2019-இல், நூறு வயது கடந்து அவர் மறைந்தார். உள்ளங்கால் எரிச்சலுக்கு ஒரே ஒரு சத்தின் குறைவுதான் காரணம் என்ற கருத்தைப் பிற்கால ஆராய்ச்சி முழுமையாக ஏற்கவில்லை. பி வைட்டமின்கள் பலவற்றின் குறைவும் கூடி நரம்பைக் கெடுக்கும் என்பதே இன்றைய தெளிவு. இக்காலத்தில் நீரிழிவே பாத எரிச்சலுக்கு மிகப் பெரிய காரணம். ஆனால் 'எரிகிறது' என்று ஏழை சொன்னதை நம்பி ஆராய்ந்த அந்த மனப்பான்மை பழுதுபடவில்லை.

இனி, ஓயாக் கால் நோயின் வரலாற்றுக்குத் திரும்புவோம். சுவீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்செல் எக்போம், 1945-இல் இந்நோயைப் பற்றித் தனி நூல் எழுதி அதற்கு இன்றைய பெயரையும் தந்தார். இரத்த சோகையுள்ளோரிடமும் கருவுற்ற பெண்களிடமும் இது மிகுதி என்பதை அவர் கண்டறிந்தார். அவர் நாட்டவரான நோர்ட்லாண்டர் 1953-இல் இரும்புச் சத்தைச் சிரை வழியே செலுத்தி நோயாளிகள் பலர் தேறியதை அறிவித்தார். இரத்தத்தில் குறைவு தெரியாவிடினும் திசுக்களில் இரும்பு குறைந்திருக்கக்கூடும் என்பது அவர் ஊகம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊகம் பலித்தது. 2000-ஆவது ஆண்டை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகள், இந்நோயாளிகளின் மூளைத் தண்டுவட நீரிலும் மூளையிலும் இரும்புச் சேமிப்பு குறைந்திருப்பதைக் காட்டின. அசைவை நெறிப்படுத்தும் டோபமின் என்ற பொருளின் செயற்பாட்டுக்கு மூளைக்கு இரும்பு தேவை. அது குறையும்போது மாலையில் கால்கள் தவிக்கத் தொடங்குகின்றன. 2007-இல் இந்நோயோடு தொடர்புடைய மரபுக் கூறுகளும் கண்டறியப்பட்டன. ஆகவே தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருவதற்கு வாய்ப்புண்டு. மரபை நாம் மாற்ற இயலாது. இரும்பின் நிலையைச் சீராக்க இயலும்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் இதை ஏன் சிந்திக்க வேண்டும்? 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்த சோகையுடையோர். மந்திர் மார்க்கில் உள்ள தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அலுவலகத்துக்கு ஓடும் தாய்மாரும் இக்கணக்கில் அடங்குவர். அவர்கள் வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்பதும், வேலை மிகுதியால் காலை உணவைக் காப்பியோடு முடித்துக்கொள்வதும் புதிதன்று. உறவினர் சூழ்ந்த ஊரை விட்டு வந்தபின், இரவில் கால் தவிப்பதைக் கேட்க அருகில் தாயோ அத்தையோ இருப்பதில்லை. தவிப்பு மௌனமாகத் தொடர்கிறது. உறக்கமின்மை அலுவலகத்தில் தவறாகவும், வீட்டில் கோபமாகவும் வெளிப்படுகிறது.

ஆகவே செய்யத்தக்கவை யாவை எனக் காண்போம். முதலாவது, இரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் அளவு சரியாக இருப்பதாலேயே இரும்பு போதும் என்று கொள்ளலாகாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கும்படி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஓயாக் கால் நோயுள்ள பெரியவர்களுக்கு அது ஒரு மில்லிலிட்டருக்கு 75 நானோகிராம் அல்லது அதற்குக் கீழ் இருந்தாலே இரும்பு தருவதைப் பற்றி எண்ண வேண்டும் என்று, அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2025-ஆம் ஆண்டு வழிகாட்டி கூறுகிறது. ஆனால் பரிசோதனையின்றி இரும்பு மாத்திரையைத் தாமாக உண்பது தீது. மிகை இரும்பு உறுப்புகளைக் கெடுக்கும். மாத்திரைகளைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைக்கவும் வேண்டும்.

இரண்டாவது, உணவு. கீரை, பருப்பு, கொண்டைக்கடலை, எள், கேழ்வரகு ஆகியவற்றில் இரும்பு உண்டு. ஆனால் தாவர உணவின் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உணவோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் ஏற்பது கூடும். தேநீரும் காப்பியும் சேர்ந்தால் குறையும். ஆகவே உணவுக்கும் காப்பிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுதல் நன்று. மாவைப் புளிக்கவைப்பதும் பயறை முளைகட்டுவதும், இரும்பைப் பிணைத்துவைக்கும் பொருளைக் குறைக்கின்றன. நம் பாட்டிமார் அரைத்த இட்லி மாவுக்கு இந்த நன்மையும் உண்டு. தில்லியில் கிடைக்கும் முழுக் கோதுமை ரொட்டியும், குளிர்காலத்தில் மலிவாகக் கிடைக்கும் வெந்தயக் கீரையும் நம் சமையலறையில் புகுவதில் தவறில்லை. மரக்கறி உணவினர் பி12 உயிர்ச்சத்தைப் பாலிலும் தயிரிலும் பெறலாம்; அவை போதாவிடில் டாக்டர் மருந்து தருவார். நீரிழிவுக்கு மெட்பார்மின் என்னும் மருந்தை நீண்டகாலம் உண்போர், இந்த உயிர்ச்சத்தின் அளவை அவ்வப்போது பார்த்துக்கொள்வது நலம். அம்மருந்து அதைக் குறைக்கக்கூடும்.

மூன்றாவது, மருந்தும் பழக்கமும். சளிக்கும் அரிப்புக்கும் நாம் கடையில் கேட்டு வாங்கி உண்ணும் தூக்கமூட்டும் சில மாத்திரைகளும், குமட்டலை அடக்கும் சில மருந்துகளும், மனச்சோர்வுக்கான மருந்துகள் சிலவும் ஓயாக் கால் நோயை எழுப்பவோ மிகுவிக்கவோ கூடும். அவற்றைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். மாலைக்குப்பின் காப்பி, மது, புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்தலும், பகலில் மிதமாக நடத்தலும், உறங்கும் நேரத்தை நிலைப்படுத்தலும் பலருக்குப் பயன் தருகின்றன. டோபமினைத் தூண்டும் மாத்திரைகள் முதலில் நற்பயன் தந்தாலும், ஆண்டுக்கணக்கில் உண்டால் சிலருக்கு நோயைப் பெருக்கிவிடும் என்பதும் இன்று தெளிந்த உண்மை. சிறுநீரகக் கேடு, நீரிழிவு ஆகியவை இருந்தால் அவற்றைக் கவனிப்பதே முதற் சிகிச்சை. கருவுற்ற பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு இத்தவிப்பு வருவதுண்டு. பெரும்பாலும் பிள்ளைப்பேற்றுக்குப்பின் அது நீங்கிவிடும். அந்நாட்களில் இரும்பும் போலிக் அமிலமும் தவறாது உண்பது தாய்க்கும் சேய்க்கும் காப்பாகும்.

சிலருக்கு இவ்வளவும் செய்தபின்னும் நோய் வரலாம். மரபின் வலிமை அத்தகையது. ஆனால் பலருக்கு அது வராமல் தடுக்கவும், வந்ததைத் தணிக்கவும் இயலும். அதற்கு முதற்படி, நம் வீட்டில் ஒருவர் 'இரவில் கால் குடைகிறது' என்று சொல்லும்போது அதைச் சிறு பேச்சாகத் தள்ளாமல் கேட்பதே. வில்லிஸின் நோயாளிகள் நூற்றாண்டுகள் காத்திருந்தார்கள். பர்மாப் போர்ச் சிப்பாயின் எரிச்சலுக்குக் காரணம் தெரிய 120 ஆண்டுகள் சென்றன. தில்லியிலோ கல்கத்தாவிலோ பம்பாயிலோ வாழும் நம் வீட்டுப் பெண்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டுவதில்லை. பக்கத்து மருத்துவமனையில் ஒரு சிறிய இரத்தப் பரிசோதனையும், தட்டில் ஒரு பிடி கீரையும், அவர்கள் சொல்வதைக் கேட்கும் செவியும் போதிய தொடக்கமாகும்.